பெரியம்மாவின் வீட்டிலேயே இருக்கட்டும்

கேள்வி:

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில ஒரு குடியேற்றக் கிராமத்தில இருந்து எழுதுறன். என்ர தங்கச்சி 2008இல் மன்னாரால வள்ளத்தில இந்தியாவுக்குப் போனவள். அங்க முகாமில கலியாணம் முடிச்சு ரெண்டு பிள்ளையள். ரெண்டு வருசத்துக்கு முதல் நோயில செத்துப்போனாள். தகப்பன் வேற குடும்பமாயிட்டார். போன மார்கழியில ஊர் திரும்பின ஒரு குடும்பத்தோட பிள்ளையளை என்னட்ட அனுப்பி விட்டிட்டினம். பெட்டைக்கு 14, பெடியனுக்கு 8. நான் தனிச்ச ஆள், தோட்டக் கூலி. பெடியன் இரவில பாயோட சலம் போறான். அடிச்சும் பாத்திட்டன், நிக்கேல்லை. பள்ளிக்கூடத்தில அவனை 'இந்தியா' எண்டு கூப்பிடுறாங்களாம். பெட்டை வாய் திறக்கிறதில்லை, வீட்டு வேலை முழுக்க அவள்தான். ரெண்டு பேரையும் ரவுணில ஒரு இல்லத்தில விடச் சொல்லி ஒருத்தர் சொல்றார். யூரியூப்பில போட்டால் வெளிநாட்டுக் காசு வரும் எண்டு இன்னொருத்தர் கமராவோட வரப்போறாராம். பெட்டைக்கு இந்தியாவில பதிஞ்ச இலங்கைப் பிறப்புப் பத்திரம் இருக்கு. பெடியனுக்கு விண்ணப்பிச்ச துண்டு மட்டும்தான். நான் என்ன செய்ய?

பதில்:

வணக்கம் அம்மா.

இல்லம், கமரா என்ற இரண்டுக்கும் முதலில் பதில் சொல்கிறோம், ஏனென்றால் அவசரப்பட்டு முடிவெடுத்தால் பிறகு திருத்த முடியாதவை அவைதான். பிள்ளைகளை இல்லத்தில் விட வேண்டாம். கமராவை வாசலுக்குள் எடுக்க வேண்டாம்.

இல்லத்தைப் பற்றிச் சொன்னவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். மூன்று நேரச் சாப்பாடு, ரியூசன், கட்டில் எல்லாம் அங்கே இருக்கலாம். ஆனால் பெடியனும் பெட்டையும் ஒரே இடத்தில் இருக்க மாட்டார்கள். பெரும்பாலான இல்லங்கள் ஆண் பிள்ளைகளுக்கு வேறு, பெண் பிள்ளைகளுக்கு வேறு. தாயை இழந்து, தகப்பனை விட்டு, நாடு மாறி வந்த 8 வயதுப் பிள்ளைக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அக்கா ஒருத்திதான். அவளையும் பிரித்தால் அவனுக்கு வருவது இன்னொரு இடப்பெயர்வு. இலங்கையின் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது. மாற்றுப் பராமரிப்புக்கென்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009இல் ஏற்ற வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: வறுமை ஒன்றையே காரணமாக்கிப் பிள்ளையைக் குடும்பத்தை விட்டுப் பிரிக்கக் கூடாது, கூடப்பிறந்தவர்களையும் பிரிக்கக் கூடாது. குடும்பம் என்ற சொல்லுக்குள் பெரியம்மாவும் அடக்கம்.

யாரோ ஒருவர் வாகனத்தில் ஏற்றிக்கொண்டுபோய் ஒப்படைப்பதற்கு இல்லம் ஒன்றும் விடுதி இல்லை. அது மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பிள்ளை அங்கே போவதும் நன்னடத்தை உத்தியோகத்தர் பார்த்து, நீதிமன்றம் கட்டளையிட்ட பிறகுதான் நடக்க வேண்டும். அப்படி ஒன்றும் தேவையில்லை, ஒரு கையெழுத்துப் போதும் என்று யாராவது சொன்னால், அந்த இல்லத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு 1929க்கு எடுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். தமிழில் கதைக்கலாம்.

இனி உங்கள் பக்கத்தைப் பலப்படுத்த வேண்டும். இப்போது பிள்ளைகள் உங்களிடம் இருப்பது அன்பால் மட்டும்தான், சட்டத்தால் அல்ல. தகப்பன் உயிரோடு இருப்பதால் சட்டம் அவரைத்தான் பாதுகாவலராகப் பார்க்கும். நாளைக்குப் பெடியனுக்கு ஒரு சத்திரசிகிச்சை என்றாலும், பெட்டைக்கு அடையாள அட்டை என்றாலும், "நீங்கள் யார்?" என்ற கேள்வி வரும். ஆகவே உங்கள் கிராம அலுவலரிடம் இரண்டு பிள்ளைகளும் உங்கள் வீட்டில் வசிப்பதாகப் பதியச் சொல்லி, அதை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதத்தோடு பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். அவர் உங்களை நன்னடத்தை உத்தியோகத்தரிடம் அனுப்புவார். சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டத்தின் கீழ், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையை நீதவான் பொருத்தமான உறவினர் ஒருவரிடம் கட்டளை மூலம் ஒப்படைக்கலாம். அந்தக் கட்டளை கைக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வங்கி எங்கே போனாலும் நின்று கதைக்க உங்களுக்கு ஒரு நிலம் இருக்கும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்று தயங்க வேண்டாம், வருமானம் குறைந்தவர்களுக்காகவே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

தகப்பனிடம் ஒரு கடிதம் வாங்குவது நல்லது. பிள்ளைகளைத் தாயின் சகோதரியிடம் ஒப்படைக்கச் சம்மதம் என்று, உங்கள் முழுப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் போட்டு, அங்கே ஒரு நொத்தாரிசு முன் கையெழுத்து வைத்து அனுப்பட்டும். அவருடைய அடையாளப் பத்திரப் பிரதியும் கூட வர வேண்டும். அவர் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும், நியாயமானது. ஆனால் பிள்ளைகளின் காதுபட அவரைத் திட்டாதீர்கள். கிழமைக்கு ஒரு நாள், ஒரே நேரத்தில், தொலைபேசியில் கதைக்க விடுங்கள். பிரிந்திருக்கும் பெற்றாரோடு தொடர்பு வைத்திருப்பது ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயம் பிள்ளைக்குக் கொடுத்த உரிமை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சமவாயம் அது.

பத்திர அலுவல்தான் இதில் நீளமானது, அதிகம் பேர் தடுக்கி விழுவதும் அங்கேதான். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு தனித்தனிப் பத்திரங்கள் வேண்டும். ஒன்று, சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிந்து கொடுக்கும் பிறப்புச் சான்றிதழ். மற்றது பிரஜாவுரிமைச் சான்றிதழ். முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருக்கிறது என்று நினைத்துப் பல குடும்பங்கள் பேசாமல் இருந்துவிடுகின்றன. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பிழை தெரியவரும். பெட்டையின் உறையை இன்றைக்கே திறந்து பாருங்கள். பிரஜாவுரிமைச் சான்றிதழ் இல்லை என்றால், பெடியனுடைய அலுவலோடு அவளுடையதையும் சேர்த்தே செய்ய வேண்டும். அவளுக்கு 15 வயது வந்ததும் பாடசாலை அதிபர் ஊடாகத் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டிவரும், சாதாரண தரப் பரீட்சை எழுத அது தேவை. காலம் அதிகம் இல்லை.

பெடியனுடைய அந்தத் துண்டு சின்னதாக இருக்கலாம், ஆனால் அதிலுள்ள இலக்கமும் திகதி முத்திரையும்தான் அவன் கோப்பைத் தேடும் திறப்பு. முதலில் இரண்டு போட்டோக் கொப்பி எடுத்து, தொலைபேசியிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். வெயிலிலும் வியர்வையிலும் அந்த மை மங்கிவிடும். பிறகு அந்த இலக்கத்தைக் குறிப்பிட்டுத் துணை உயர்ஸ்தானிகராலயத்துக்கு எழுத வேண்டும். தமிழகத்து அகதிகளின் பிறப்புப் பத்திர அலுவல்களை நெடுங்காலம் பார்த்துவரும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்திடமும் உதவி கேட்கலாம். பிரஜாவுரிமையைப் பொறுப்பெடுப்பது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். அதன் தலைமை அலுவலகம் இருக்கும் பத்தரமுல்லைக்கு பஸ் ஏற முன்னர் வவுனியாவில் இருக்கும் பிராந்திய அலுவலகத்தில், எந்தப் படிவம், எந்தெந்தப் பத்திரம், எங்கே கொடுப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுப் போகிறவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது.

கையில் கொண்டுபோக வேண்டியவை: தமிழ்நாட்டில் கொடுத்த பிறப்புச் சான்றிதழ், தங்கச்சியின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ், அவருடைய அடையாள அட்டை இருந்தால் அது, மரணச் சான்றிதழ், பிள்ளைகள் வந்த பயணப் பத்திரம். தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழ் போரில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். முகாமில் கோயிலில் தாலி கட்டியதோடு கலியாணத்தைப் பதியாமல் விட்டிருந்தால் அதற்காகப் பின்வாங்க வேண்டாம். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய் இலங்கையர் என்பதே பிள்ளையின் பிரஜாவுரிமைக்கு வழி.

அலுவல் இழுபடுவது அநேகமாகப் பெயரில்தான். இந்தியப் பத்திரத்தில் தகப்பன் பெயர் ஒரு தலைப்பெழுத்தாக நிற்கும், இங்கே முழுப் பெயர் கேட்பார்கள். தங்கச்சியின் பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் மற்றதில் வேறொரு எழுத்துக்கூட்டலிலும் இருக்கும். எல்லாப் பத்திரங்களையும் பாயில் விரித்துவைத்து, பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். பெட்டை நன்றாகவே உதவுவாள். வித்தியாசம் இருந்தால் இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கிறது என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். மூலப் பத்திரம் எதையும் லமினேற் செய்ய வேண்டாம். பிளாஸ்ரிக்குக்குள் போன முத்திரையைச் சரிபார்க்க முடியாது என்று திருப்பி அனுப்புவார்கள்.

பத்திரம் வரும்வரை பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டியதில்லை. 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். பத்திரம் குறைகிறது என்பது பிள்ளையை வெளியே நிறுத்தக் காரணம் ஆகாது. அதிபர் தயங்கினால் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள்.

காசுக்கு வருவோம். அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவில் உங்கள் வீட்டில் ஒரு ஆள் என்று பதிந்திருக்கும், இப்போது மூன்று பேர். அதைத் திருத்தச் சொல்லிப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுங்கள். நன்னடத்தைத் திணைக்களத்தின் 'செவன சரண' வளர்ப்புப் பெற்றோர் உதவித் திட்டத்துக்குப் பிள்ளைகளின் பெயரைச் சேர்க்க முடியுமா என்று சிறுவர் உரிமை உத்தியோகத்தரிடமே கேளுங்கள். பெரிய தொகை எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் கொப்பி, சப்பாத்துக்கு வழி பிறக்கும்.

கமராவோடு வருகிறவருக்கு என்ன சொல்வது என்று நீங்கள் சங்கடப்படுவது தெரிகிறது. உதவி கிடைத்த வீடுகளும் உங்கள் கண்முன்னால் இருக்கும். ஆனால் அந்தக் காசுக்கு விலை கொடுக்கப்போவது பிள்ளைகள். தாய் செத்தது, தகப்பன் விட்டது, பெரியம்மா கூலி, பெடியன் பாயை நனைக்கிறான், எல்லாவற்றையும் அவர்களை வரிசையாக நிற்கவைத்துச் சொல்லச் சொல்வார்கள். பெட்டை அழும் இடத்தில் கமரா கிட்டப் போகும். அடுத்த நாளே அது வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் தொலைபேசிக்கு வந்துவிடும். பத்து வருசம் கழித்து அவளுக்குக் கலியாணம் பேசும்போதும் அது அங்கேயே இருக்கும். ஆம்பிளை இல்லாத வீட்டில் 14 வயதுப் பெட்டை இருக்கிறாள் என்பது முகத்தோடும் ஊர்ப் பெயரோடும் ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிவது ஆபத்து. சமவாயத்தின் உறுப்புரை 16 பிள்ளையின் அந்தரங்கத்துக்கும் மானத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டியவர் நீங்கள்தான்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சனத்தின் உதவியை வேண்டாம் என்று சொல்லவில்லை, முகம் காட்டாமல் வாங்குங்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் மாதம் என்ன தேவை என்று விலையோடு எழுதி, கிராம அலுவலரோ அதிபரோ உறுதிப்படுத்திய கடிதத்தோடு கொடுங்கள். உதவ விரும்புகிறவருக்கு அது போதும். மாதச் செலவுக்கான காசு உங்கள் கணக்குக்கு வரட்டும். பிள்ளையின் பெயரில் திறக்கும் சிறுவர் சேமிப்புக் கணக்கில் போட்டால் பொதுவாக 18 வயதுவரை எடுக்க முடியாது. கமராக்காரர் விடாமல் கேட்டால், "உத்தியோகத்தரிட்டக் கேட்டுத்தான் சொல்லலாம்" என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே எடுத்துப் போட்டுவிட்டார் என்றால், இணைப்பைக் குறித்துக்கொண்டு 1929க்கு முறையிடுங்கள்.

இனிப் பெடியன்.

அடித்தும் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நிற்காது அம்மா. நித்திரையில் நடப்பது அவன் கையில் இல்லை. அடி விழும் என்ற பயத்தோடு படுக்கிற பிள்ளை இன்னும் கூடுதலாக நனைக்கும். இழப்பையும் இடப்பெயர்வையும் கண்ட பிள்ளைகளுக்கு, நின்றுபோன பழக்கம் திரும்ப வருவது சாதாரணம். இந்தியாவில் தாய் இருந்த காலத்தில் நனைக்காமல் இருந்தானா என்று அக்காவிடம் தனியாகக் கேளுங்கள். எப்படியிருந்தாலும் ஒருமுறை பிரதேச வைத்தியசாலையில் சலம் சோதித்துப் பாருங்கள். சலம் போகும்போது எரிவு, பகலிலும் நனைவது, அடங்காத தண்ணீர்த் தாகம், மெலிந்துகொண்டு போவது, பல நாள் மலச்சிக்கல், இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. கிருமித்தொற்றோ நீரிழிவோ காரணமாக இருக்கலாம்.

உடம்பில் பிழை இல்லை என்றால் வீட்டிலேயே செய்யலாம். பகல் முழுக்க நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும், படுப்பதற்கு 2 மணித்தியாலத்துக்கு முன் குறைத்துவிடுங்கள். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். படுக்கும்போது ஒருமுறை சலம் போகவேண்டும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் மலசலகூடம் வளவின் பின்பக்கம் இருட்டுக்குள் இருந்தால், முட்டினாலும் அவன் எழும்ப மாட்டான். இருட்டுக்கும் பாம்புக்கும் பயந்து படுத்திருப்பான். படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மூடியோடு ஒரு சின்ன வாளி, கைக்கு எட்டிய தூரத்தில் ஒரு ரோச் லைற். இந்த இரண்டும் வந்த உடனே பாதி இரவுகள் காய்ந்துவிடும் வீடுகள் உண்டு.

பாயின் கீழ் அல்ல, பாயின் மேல் பொலித்தீன் விரித்து, அதன் மேல் ஒரு பழைய சாறத்தை நாலாக மடித்துப் போடுங்கள். நனைந்தால் சாறத்தை மட்டும் எடுத்தால் போதும். காலையில் அவனே அதைக் கொண்டுபோய் வாளியில் ஊறப் போடட்டும். தண்டனையாக இல்லை, பல் தீட்டுவதைப்போல ஒரு வேலையாக. காயப் போடுவது வீட்டின் பின்பக்கக் கொடியில். றோட்டுப் பக்க வேலியில் வேண்டாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அந்த வேலியைப் பார்த்துக்கொண்டுதான் போவார்கள். கலண்டரில் ஒவ்வொரு நாளும் ஒரு புள்ளி போட வையுங்கள், காய்ந்த இரவுக்கு மட்டுமில்லை, படுக்க முன்னர் சலம் போனதற்கும் புள்ளி. அவனால் செய்யக்கூடியதைத்தான் பாராட்ட வேண்டும். இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். நித்திரைக் குளிசை யார் தந்தாலும் கொடுக்க வேண்டாம். துயரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த வகை மருந்து கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே சொல்லியிருக்கிறது.

'இந்தியா' என்று கூப்பிடுவதை வகுப்பு ரீச்சரிடம் சொல்லுங்கள், அவன் முன்னால் வைத்து அல்ல. அவன் 'நோட்டு' என்று கேட்க மற்றவர்கள் 'கொப்பி' என்று சொல்லிச் சிரிப்பார்கள். ரீச்சர் ஒரு நாள் இரண்டு சொல்லையும் கரும்பலகையில் எழுதி இரண்டும் ஒரே பொருளைத்தான் குறிக்கிறது என்று சொன்னால் பாதி அடங்கும். பெட்டைக்கு வேறு சிக்கல். கணிதம், விஞ்ஞானத்தில் அவள் சமாளிப்பாள். இரண்டாம் மொழிச் சிங்களமும் இலங்கை வரலாறும் அவள் படிக்கவே இல்லை. அதற்காகக் கீழ் வகுப்பில் இருத்த விட வேண்டாம். 11 வயதுப் பிள்ளைகளோடு இருத்திய 14 வயதுப் பிள்ளை ஒரு வருசத்துக்குள் நின்றுவிடும். வயதுக்குரிய வகுப்பில் வைத்து, அந்த இரண்டு பாடத்துக்கும் பரிகாரக் கற்பித்தல் கேளுங்கள்.

அவள் வாய் திறக்காமல் வேலை செய்வது எங்களுக்குப் பெடியனுடைய பாயைவிடக் கவலை. தாய் நோயாகக் கிடந்த காலத்திலேயே அவள் தாயாகிவிட்டாள். இப்போது உங்களுக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற பயமும் சேர்ந்திருக்கும். இல்லத்தைப் பற்றி நீங்கள் கதைத்தது அவள் காதில் விழுந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே வாய்விட்டுச் சொல்லுங்கள்: "நீங்கள் ரெண்டு பேரும் இஞ்சதான். ஒரு இடமும் அனுப்ப மாட்டன்." ஒருமுறை சொன்னால் நம்ப மாட்டாள், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வேலையைப் பிரியுங்கள். பின்னேரம் ஒரு மணித்தியாலம் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை என்று வையுங்கள். கிணற்றடியில் குளிக்க நாலு பக்கமும் கிடுகு மறைப்பு, இரவில் படுக்க ஒரு தனி மூலை, இவற்றைக் கேட்க அவளுக்கு வாய் வராது.

தாயைப் பற்றிக் கதையுங்கள். தாயின் சின்ன வயதுக் கதைகள் உங்களிடம் மட்டும்தான் இருக்கின்றன. பெடியன் கேட்டால் "அம்மா செத்துப்போனா" என்று நேராகச் சொல்லுங்கள். "தூரப் போட்டா", "நித்திரை கொள்ளுறா" என்றால் அவன் காத்துக்கொண்டிருப்பான், அல்லது நித்திரைக்கே பயப்படுவான். படத்துக்கு விளக்கு வைப்பதையும் திவசத்துக்குச் சமைப்பதையும் மூன்று பேருமாகச் செய்யுங்கள். மே 18இல் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி ஊர் அழும்போது இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது. பெரியம்மா ஏன் அழுகிறா என்று முதல் நாளே நாலு வசனத்தில் சொல்லிவையுங்கள். முழுக் கதையும் வேண்டாம், கேட்டதற்கு மட்டும் பதில். அவர்களையும் "நடந்ததைச் சொல்லு" என்று யாரும் தோண்டக் கூடாது.

பெட்டை சாப்பாட்டைத் தள்ளினால், இரவில் நித்திரை இல்லாமல் இருந்தால், தன்னைக் காயப்படுத்தினால், சாவதைப் பற்றி ஒரு சொல் சொன்னாலும், அன்றைக்கே மாஞ்சோலையில் இருக்கும் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மற்றப்படி பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரை அவள் மாதம் ஒருமுறை சந்தித்தாலே நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்று, கண்ணிவெடி. இந்தப் பிள்ளைகள் வன்னியில் வளரவில்லை. சிவப்புப் பலகையில் மண்டையோட்டைக் கண்டால் நிற்க வேண்டும் என்பது இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியும், இவர்களுக்கு அது வெறும் படம். பாலைப்பழக் காலத்தில் பெடியள் காட்டுக்குள் இறங்குவார்கள், பழைய இரும்பு பொறுக்கினால் கடைக்காரர் காசு தருவார் என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். பெடியனைக் கையில் பிடித்துக்கொண்டுபோய் ஒரு பலகையைக் காட்டுங்கள். மாடு போகிற, ஆள் நடக்கிற பாதையை விட்டு இறங்கக் கூடாது. தெரியாத இரும்பைத் தொடக் கூடாது, காலால் தட்டக் கூடாது, கல்லெறியக் கூடாது. கண்டால் அப்படியே நின்று, வந்த காலடித் தடத்தில் பின்னுக்கு வந்து, பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். நீங்கள் கிராம அலுவலருக்கோ பொலிசின் 119 இலக்கத்துக்கோ அறிவியுங்கள். சொல்லிவிட்டால் போதாது, முற்றத்தில் ஒரு தகர டின்னை வைத்து நின்று, திரும்பி, அடிபார்த்து வருவதை மூன்று நாலு தரம் செய்து காட்டச் சொல்லுங்கள்.